நனையாத கை

அந்தக் கட்டடத்தில் மூன்று மாடிகள். மாடிக்கு ஒரு சபை. தரைத்தளத்தில் ஒரு செருப்புக்கடை. அந்தக் கடைக்கு மட்டும் மூன்று மாடிக்காரர்களும் வருவார்கள், ஏனென்றால் செருப்பு விஷயத்தில் இன்னும் யாரும் வேத ஆதாரம் கண்டுபிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மாடிகளிலும் ஒரே நேரத்தில் மைக்கை முடுக்குவார்கள். பெரும்பாலும் பிரசங்கத் தலைப்பும் ஒன்றாகவே இருக்கும்: 'நாம் அனைவரும் ஒன்றே.' மூன்று ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டு இதைச் சொல்லும்போது, தெருவில் போகிறவர்களுக்கு மாடியில் ஏதோ அடிதடி என்றுதான் தோன்றும்.

ஆதியில் முதல் மாடியில் மட்டும்தான் சபை இருந்தது. ஞானஸ்நானம் கொடுக்கும்போது தலையில் தண்ணீர் தெளித்தால் போதுமா, ஆளையே முக்கி எடுக்க வேண்டுமா என்று ஒரு விவாதம் கிளம்பியது. முக்க வேண்டும் என்றவர்கள் பாட்டுப் புத்தகங்களில் பாதியையும் ஆர்மோனியத்தையும் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனார்கள். இரண்டாம் மாடி அப்போது காலியாகத்தான் கிடந்தது. ஆனாலும் நடுவில் ஒரு மாடி இடைவெளி இருப்பது ஆத்துமாவுக்கு நல்லது என்று நினைத்தார்கள். பிறகு, இப்படிப் பிரிந்து பிரிந்து போகிறார்களே என்று இரண்டு பக்கமும் மனம் நொந்துபோன சிலர், பிரிவினையை ஒழித்தே தீருவது என்ற முடிவோடு பிரிந்து போய் இரண்டாம் மாடியைப் பிடித்தார்கள்.

முதல் மாடிப் பலகையில் 'ஆதித் திருச்சபை' என்று இருக்கும். மூன்றாம் மாடிப் பலகையில் 'பூரண சத்திய முழுக்கு ஐக்கிய சபை.' இரண்டாம் மாடிக்காரர்களுக்குப் பெயர் என்பதே பாவம். அதனால் அவர்கள் பலகை மற்ற இரண்டையும்விடப் பெரிதாக, 'இது ஒரு சபைப் பிரிவு அல்ல' என்று மட்டும் சொல்லும். முதல் மாடித் தலைவரைப் போதகர் என்பார்கள். மூன்றாம் மாடியில் பாஸ்டர். இரண்டாம் மாடியில் தலைவரே கிடையாது, எல்லாரும் சமம். அங்கே எல்லா முடிவையும் எடுப்பவரைச் சகோதரர் என்று கூப்பிடுவார்கள்.

நம் பிளம்பர் முதல் மாடிக்காரர். நல்ல மனிதர், வேலை சுத்தம், வாய் கொஞ்சம் குறைவு. அவருடைய அம்மா முதல் மாடிப் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. தாய்மாமா முதல் மாடிச் செயலாளர். பிளம்பர் ஒருநாள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வாஷ்பேசின் அடைப்பு எடுக்கப் போனார். அங்கே கண் பரிசோதனை செய்கிற பெண், "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தாள். அடைப்பு அன்றைக்கே எடுபட்டுவிட்டது. ஆனாலும் பிளம்பர் அந்த வாஷ்பேசினைப் பார்க்க அடிக்கடி போனார். ஒரு கட்டத்தில் அவளே, "வாஷ்பேசின் நல்லாத்தான் இருக்கு. வீட்டுல வந்து பேசுங்க" என்று சொல்லிவிட்டாள்.

பேசப் போன பிறகுதான் அவள் மூன்றாம் மாடி என்று தெரிந்தது. அவள் அப்பா பேக்கரி வைத்திருந்தார். மூன்று மாடிகளிலும் திருவிருந்துக்கு வைக்கிற ரொட்டி அவர் கடை ரொட்டிதான். ஒரு மாடியில் சதுரமாக வெட்டுவார்கள், ஒரு மாடியில் கையால் பிய்ப்பார்கள், ஒரு மாடியில் ஓரத்தை நீக்கிவிடுவார்கள். மற்ற இரண்டும் செல்லாது என்று மூன்று மாடியிலும் சொல்வார்கள். பேக்கரிக்காரர் மூன்றுக்கும் ஆமென் சொல்லி ரொட்டி அனுப்புவார். ஆனால் மகள் விஷயம் ரொட்டி விஷயமில்லை.

"மாப்பிள்ளை, உங்களப் பத்தி ஒரு குறையும் சொல்ல முடியாது" என்றார் பேக்கரிக்காரர். "ஒரே ஒரு முழுக்குதான் பாக்கி."

பிளம்பரின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "என் பையனுக்கு மூணாவது மாசமே ஞானஸ்நானம் கொடுத்தாச்சு. இது என்ன தடுப்பூசியா, ரெண்டாவது டோஸ் போடறதுக்கு?"

"அது தெளிச்சதுங்க. நனைஞ்சாத்தான் அது கணக்கு."

"அன்னிக்கு அவன் போட்ட கூச்சலைக் கேட்டிருந்தீங்கன்னா, நனைஞ்சானா இல்லையான்னு நீங்க சந்தேகமே பட மாட்டீங்க."

இப்படியாக நிலைமை இறுகிப்போனது. பிளம்பர் தொட்டியில் இறங்கினால், முதல் மாடி அவரைச் சபையிலிருந்து நீக்கும். அம்மா அவர் முகத்தில் முழிக்க மாட்டார். இறங்காவிட்டால், பெண் மூன்றாம் மாடியில் டிரம் வாசிக்கிற ஒருவருக்குப் போய்விடுவாள். டிரம்காரர் முழுசாக முக்கி எடுக்கப்பட்டவர். அதைத் தவிர அவரிடம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. கல்யாணத் தேதி குறித்தாயிற்று. மாப்பிள்ளை யார் என்பது மட்டும் குறிக்கப்படாமல் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் மூன்றாம் மாடித் தொட்டி ஒழுக ஆரம்பித்தது.

முழுக்குத் தொட்டிக்கு அடியில் ஒரு வால்வு. அதைத் திறந்தால் தண்ணீர் படிக்கட்டுக்கு மேலே, கூரையை ஒட்டி ஓடுகிற குழாய் வழியாக வெளியேறும். அந்தக் குழாயில் ஒரு இணைப்பு தளர்ந்து, இரண்டாம் மாடி வாசலை ஒட்டி ஹாலுக்குள் சொட்டத் தொடங்கியிருந்தது. சகோதரர் பிளம்பரைக் கூப்பிட்டு மேலே காட்டினார்.

"தம்பி, தண்ணி சொட்டறதப் பத்தி எங்களுக்கு ஒண்ணுமில்ல. அது மேல்மாடி முழுக்குத் தண்ணி. எங்க விசுவாசிங்க தலைமேல அவங்க உபதேசம் சொட்டுது. இத அனுமதிக்க முடியாது."

"வாளி வச்சுப் பாத்தீங்களா?"

"வச்சோம். வாளி நிறைஞ்சா அத என்ன பண்றதுன்னு ஒருமனப்பட முடியல. கீழ ஊத்தினா முதல் மாடிக்கு ஞானஸ்நானம் கொடுத்த மாதிரி ஆயிடும்."

பிளம்பர் மேலே போனார். தொட்டியில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றது. மேடையில் பாஸ்டர் புதிதாக வாங்கிய மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். போன ஞாயிறு முழுக்கு ஆராதனையில், மிக முக்கியமான வாக்கியத்தின் நடுவே மைக் கரகரத்து விட்டதாம். அதனால் அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரலைக் கேமராவும் சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்தது. பிளம்பர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, குனிந்து வால்வைப் பாதி தளர்த்தினார். அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தபடி எழுந்தார்.

"வரும்போது தக்காளி வாங்கிட்டு வா" என்றார் அம்மா.

அந்த நேரம் பாஸ்டர், மைக்கில், கண்ணை மூடிக்கொண்டு, கணீரென்று, "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்!" என்றார். பிளம்பரின் கால் வழுக்கியது. மல்லாக்க விழுந்தார். ஒரு மனிதன் தண்ணீருக்குள் விழும்போது முதலில் எதைக் காப்பாற்றுவான்? போனைத்தான். வலது கை மட்டும் போனோடு மேலே நீண்டு நின்றது. மற்றதெல்லாம் முழுகி எழுந்தது.

போனில் அம்மாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. வசனம் கேட்டது, தண்ணீர் தெறித்த சத்தம் கேட்டது, பாஸ்டர் போட்ட அல்லேலூயா கேட்டது.

"அடப்பாவி! என்னடா பண்ணித் தொலைச்ச!" என்று போனிலிருந்து ஒரு குரல் தொட்டிக்கு மேலே ஒலித்தது. அதுவும் நேரலையில் பதிவானது.

அன்று சாயங்காலமே பேக்கரிக்காரர் கேக் வெட்டிவிட்டார். தானாக வந்து விழுந்த ஆத்துமா இது, நாமாகத் தள்ளவில்லை, ஆகவே இதைவிடச் செல்லுபடியான முழுக்கு உண்டா என்று பாஸ்டர் சாட்சி சொன்னார். எல்லாம் நன்றாகப் போயிருக்கும். டிரம்காரர்தான், வீடியோவை ஒருமுறை மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கலாமே என்றார்.

மூன்றாம் மாடிக் குழு கூடியது. திரையில் பிளம்பர் மெல்ல மெல்ல விழுந்தார். மூப்பர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். மணிக்கட்டுக்கு மேலே கை காய்ந்தே இருந்தது. மறுபடி ஓட்டச் சொன்னார்கள். மறுபடியும் காய்ந்தே இருந்தது.

"பிரச்சினை பெருசு" என்றார் பாஸ்டர், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "முழுக்குன்னா முழுசா முழுகணும். அதுக்காகத்தான் நாங்க முதல் மாடிய விட்டு வந்தோம். இன்னிக்கு ஒரு கைய விட்டா, நாளைக்கு முழங்கை வரைக்கும் கேப்பாங்க. அப்புறம் தெளிச்சாப் போதும்பாங்க."

"அப்ப கைய மட்டும் இப்ப ஒரு முக்கு முக்கிடறேன்" என்றார் பிளம்பர். தொட்டி பக்கத்திலேயே இருந்தது.

மூப்பர்கள் மூச்சை உள்ளே இழுத்தார்கள். பாஸ்டர் பொறுமையாக விளக்கினார். "ஞானஸ்நானம் ஒண்ணுதான், மாப்பிள்ளை. ரெண்டாவது தடவ கிடையாது. உங்க உடம்புக்கு ஆயிடுச்சு. இப்பக் கைக்கு மட்டும் தனியாக் கொடுத்தா அது இன்னொரு ஞானஸ்நானம். அது பாவம்."

"சரி, எல்லாத்தையும் சேத்து மறுபடி முக்குங்க."

"ஏற்கெனவே முழுகின உடம்ப எப்படி முக்கறது? அதுவும் ரெண்டாவது தடவதானே?"

"அப்ப முதல்ல விழுந்தது செல்லாதுன்னு சொல்லிடுங்க, புதுசா முக்கிக்கலாம்."

"செல்லாதுன்னு எப்படிச் சொல்றது? நேரலைல நான் அல்லேலூயா சொல்லிட்டேனே!"

விசாரணை முடியும் வரை தொட்டியை யாரும் தொடக்கூடாது என்று தீர்மானமாயிற்று. வால்வு, விழுந்த சமயத்தில் இருந்த நிலையிலேயே இருக்க வேண்டும். அது பாதி கழன்று நிற்கிறது, ஒரு வாஷர் போட்டு முடுக்காவிட்டால் ஒருநாள் இணைப்பே பிய்த்துக்கொள்ளும் என்று பிளம்பர் சொன்னார். இது தண்ணீர் சம்பந்தப்பட்ட விஷயமல்ல, சத்தியம் சம்பந்தப்பட்டது என்று அவருக்கு நினைவூட்டப்பட்டது.

முதல் மாடியில் வேறு மாதிரி வரவேற்பு. போதகர், தாய்மாமா, அம்மா மூவரும் ஒரு நீள மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பிளம்பருக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல்.

"மறு ஞானஸ்நானம் வாங்கியிருக்கீங்க" என்றார் போதகர்.

"ஐயா, நான் வாங்கல. வழுக்கி விழுந்தேன்."

"விழுந்ததுக்கு நாங்க ஒண்ணும் சொல்லல. மனுஷன்னா விழத்தான் செய்வான். எந்த மாடியில விழுந்தீங்கங்கறதுதான் கேள்வி."

"குழாய் அங்கதானே ஒழுகுது?"

தாய்மாமா மேசையைத் தட்டினார். அவருக்குக் கோபம் வந்தால் மருமகன் என்றும் பார்க்க மாட்டார். "டேய், நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் யாராவது மூணாம் மாடியில விழுந்திருக்காங்களா? உங்கப்பா ஏணியிலிருந்து விழுந்தாரு. எங்க விழுந்தாரு? முதல் மாடியில விழுந்தாரு!"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகையின் நடுவே அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. "அவன் வலது கை நனையலயாமே, ஐயா?"

மேசையின் அந்தப் பக்கம் சுறுசுறுப்பானது. போதகர் சபைச் சட்டங்களைப் புரட்டினார். உண்மைதான், வலது கை மூன்றாம் மாடி உபதேசத்துக்கு உட்படவில்லை. உடம்பு முழுவதும் தடுமாறிய வேளையில் அது ஒன்று மட்டும் விசுவாசத்தில் உறுதியாக நின்றிருக்கிறது. தக்காளி வாங்கச் சொன்ன தாயின் குரலை உயர்த்திப் பிடித்திருக்கிறது. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு போதகர் எழுந்து நின்று, பிளம்பர் சபையிலிருந்து நீக்கப்படுகிறார் என்றும், அவருடைய வலது கைக்கு மட்டும் முழு உறுப்பினர் உரிமை தொடரும் என்றும் அறிவித்தார். திருவிருந்து ரொட்டியை அந்தக் கையால் வாங்கலாம்.

"வாங்கி?" என்றார் பிளம்பர்.

"வாய் நீக்கப்பட்டிருக்கு. அதனால கையில வச்சுக்கலாம்."

வெளியே வந்தபோது சகோதரர் இரண்டாம் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து, அன்பாகப் பார்த்துக்கொண்டு நின்றார். "எங்ககிட்ட வந்துடுங்க, தம்பி. எங்களுக்கு உறுப்பினர், குழு, சட்டம் ஒரு எழவும் கிடையாது. பேரே கிடையாது. நாங்க வெறும் விசுவாசிங்க. அந்த ரெண்டு மாடியிலயும் இருக்கறவங்க வெறும் விசுவாசிங்க இல்லன்னு நீங்க ஒத்துக்கிட்டாப் போதும்."

"பேர் இல்லாம எப்படிங்க அடையாளம் தெரியும்?"

"அதுக்குத்தான் பேர் இல்லாதத நாங்க பதிவு பண்ணி வச்சிருக்கோம். இந்தக் கட்டடத்துல வேற யாரும் பேர் இல்லாம இருக்க முடியாது."

பிளம்பர் அன்று மாலை கண்ணாடிக் கடைக்குப் போய், பரிசோதனை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக நீளமாகப் பேசினார், எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் சிரித்தாள், ஒரு இடத்தில் அழுகை வந்துவிட்டது.

"என் கை ஒரு சபை, மத்ததெல்லாம் ஒரு சபை" என்றார் அவர். "நீ யாரக் கட்டிக்கப் போற?"

"ரெண்டையும்தான். டிரம் வாசிக்கறவரக் கட்டிக்கிட்டா காது போயிடும்" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு நீங்கதான் வேணும். எந்தக் கையோட வந்தாலும் சரி" என்றாள். பிறகு போனை எடுத்து போதகர், பாஸ்டர், சகோதரர் மூன்று பேரையும் கூப்பிட்டாள்.

கூட்டம் எந்த மாடியில் கூடினாலும் அந்த மாடிக்கு வெற்றி என்பதால், படிக்கட்டில் கூடினார்கள். போதகர் கீழ்ப்படியில் நின்றார். பாஸ்டர் மேல்படியில் நின்றார். நடுப்படியில் நின்ற சகோதரர் தான் எந்தப் படியிலும் நிற்கவில்லை என்று சொல்லிக்கொண்டார். பேக்கரிக்காரர், அம்மா, தாய்மாமா மூவரும் சுவரோரம். ஐக்கியத்தைப் பற்றி முதலில் சில வார்த்தைகள் சொல்வது மரபு என்றார் போதகர். மூவரும் சொன்னார்கள்.

"நாம எல்லாரும் ஒரே மரத்தோட கிளைங்க" என்றார் போதகர், கையை விரித்து. "சபைங்க பலதா இருக்கறது குறையில்ல, அழகு. ஒவ்வொரு கிளையும் அதது திசையில வளரணும். வேர் நாங்கங்கறத மட்டும் மறக்காம இருந்தாப் போதும்."

"நான் அத ஒரு படையா பாக்கறேன்" என்றார் பாஸ்டர். "ஒரே ராஜா, பல பிரிவு. காலாட்படை இருக்கணும், சமையல் பிரிவு இருக்கணும், துணி துவைக்கற பிரிவும் இருக்கணும். எந்தப் பிரிவையும் நாங்க தாழ்வா நினைக்கறதில்ல. யுத்தம் பண்றது எங்க பிரிவு மட்டும்தான், அது வேற விஷயம்."

"பிரிவுகள்ங்கறது ஒரு வெக்கம், ஒரு காயம்" என்றார் சகோதரர், குரல் நடுங்க. "நாங்க மரமும் இல்ல, படையும் இல்ல. நாங்க சும்மா சரியா இருக்கோம். மத்தவங்களும் சரியாயிட்டா அப்புறம் பிரிவே இருக்காது பாருங்க."

அவள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடையில் நோயாளியிடம் கேட்கிற அதே குரலில், "அப்ப நீங்க மூணு பேரும் ஒண்ணா, வேற வேறயா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுதான்மா" என்றார் போதகர். "கண்ணுக்குத் தெரியற சபைகள்தான் பல. கண்ணுக்குத் தெரியாத சபை ஒண்ணு இருக்கு. அது ஒண்ணேதான். அதுல நாங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம்." மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அந்தச் சபையின் மேல் யாருக்கும் எந்தப் புகாரும் இல்லை.

"அந்தச் சபையில கை நனையணுமா?"

"சேச்சே. அங்க அதெல்லாம் கிடையாது."

"அப்ப எங்க கல்யாணத்த அதுலயே வச்சுக்கறோம்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதுக்கு ஹால் கிடையாதும்மா" என்றார் பாஸ்டர்.

அவள் மூக்கு விடைத்தது. "அப்ப இங்கயே நடத்துங்க. இந்தப் படிக்கட்டுலயே. இது யாரோடதும் இல்லதானே? அதனாலதானே இத்தனை வருஷமா ஒருத்தரும் பெருக்கல?"

பேச்சுவார்த்தை நடந்தது. அம்மா இரண்டு முறை எழுந்து போய் இரண்டு முறை திரும்பி வந்தார். கடைசியில் உடன்பாடு ஏற்பட்டது. மாப்பிள்ளையின் வலது கைக்குப் போதகர் விவாகம் செய்துவைப்பார். மற்ற பாகங்களுக்குப் பாஸ்டர் செய்துவைப்பார். படிக்கட்டின் நடு மேடை இரண்டாம் மாடி வாசலில் இருப்பதால் சகோதரர் ஆமென் சொல்வார். ஆனால் எதற்கு ஆமென் என்று சொல்ல மாட்டார். மாப்பிள்ளை படியின் மேல்பக்கம் நின்றுகொண்டு, கையை மட்டும் கீழ்ப்பக்கமாக நீட்டிக்கொள்ள வேண்டும். தாய்மாமாவுக்கு இதில் பரம திருப்தி. "கைதான் முக்கியம், மாப்ள. கையிருந்தாத்தான் பிளம்பர்" என்று தோளில் தட்டினார். நனையாத கையாகப் பார்த்துத்தான் குலுக்கினார்.

கல்யாண நாளன்று படிக்கட்டு கொள்ளவில்லை. முதல் மாடிக்காரர்கள் கீழே நெருக்கியடித்தார்கள். மூன்றாம் மாடிக்காரர்கள் மேலிருந்து எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் மாடிக்காரர்கள் தங்கள் வாசலிலேயே நின்றுகொண்டு, தாங்கள் இந்த நிகழ்ச்சிக்கு வரவில்லை என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்கள். அத்தனை பேர் வலது கையிலும் போன். அத்தனை பேரும் படம் பிடித்தார்கள். மூன்றாம் மாடிக்கு மதிப்பாக இருக்கட்டும் என்று பேக்கரிக்காரர் காலையிலேயே தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, மேலே பூ மிதக்க விட்டிருந்தார். யாரும் பிளம்பரைக் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் குழாய் வேலை பற்றிப் பேசுவது மரியாதை இல்லை என்று நினைத்திருக்கலாம்.

தொடக்க ஜெபத்தை யார் செய்வது என்பதில் கொஞ்ச நேரம் போனது. மூவரும் கண்ணை மூடி மனதுக்குள் செய்வது என்று முடிவானது. யார் முதலில் கண்ணைத் திறப்பது என்பதில் இன்னும் கொஞ்ச நேரம் போனது. பிறகு போதகர் புத்தகத்தைப் பார்த்து, "இருவரும் வலது கைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

"ஒரு நிமிஷம்" என்றார் பாஸ்டர். "பொண்ணோட வலது கை எங்க கை. அத நீங்க எப்படிப் பிடிக்கச் சொல்லலாம்?"

"மாப்பிள்ளையோட வலது கை எங்க கை. அத யாரு பிடிச்சாலும் நாங்கதான் சொல்லணும்."

"ரெண்டு வேற வேற சபையோட கைங்க. இது கலப்பு மணம்" என்றார் சகோதரர், அமைதியாக. "இத நாங்க ஏத்துக்கறதில்ல."

மேலிருந்து ஒரு கூச்சல், கீழிருந்து ஒரு கூச்சல். டிரம்காரர் மெல்ல முன்னே நகர்ந்து வந்து, தன் இரண்டு கைகளும் முழுசாக நனைந்தவை என்று யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார். பேக்கரிக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்; யோசிக்கிற பார்வை அது. பிளம்பர் நீட்டின கை நீட்டினபடியே மரத்துப்போயிருந்தது. இந்தக் கையை வெட்டிப் போதகரிடம் கொடுத்துவிட்டாலாவது மீதியைச் சும்மா விடுவார்களா என்றுகூட அவர் நினைத்துவிட்டார்.

அவள் அப்பாவின் பார்வையைப் பார்த்தாள். ஒரு எட்டு முன்னே வந்து, அந்த மரத்துப்போன கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பிடிச்சாச்சு" என்றாள். "சொல்லுங்க."

படிக்கட்டு அமைதியானது. அந்த அமைதியில்தான் தலைக்கு மேலே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அது என்ன சத்தம் என்று அங்கே ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இணைப்பு பிய்ந்து, தொட்டித் தண்ணீர் முழுவதும் பூவோடு கொட்டியது. தெளித்தலும் நடந்தது, ஊற்றலும் நடந்தது, முழுக்கும் நடந்தது. கீழே நின்றவர், மேலே நின்றவர், வரவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் எல்லாரும் தொப்பலாக நனைந்தார்கள். அந்தக் கணத்தில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அத்தனை பேரும் வலது கையை உயரத் தூக்கினார்கள். மூன்றாம் மாடிக்காரர்கள் போனைத் தூக்கினார்கள். முதல் மாடிக்காரர்கள் போனைத் தூக்கினார்கள். போதகர் புத்தகத்தைத் தூக்கினார், பாஸ்டர் புது மைக்கைத் தூக்கினார். தூக்க எதுவும் இல்லாத சகோதரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தூக்கினார். தாய்மாமா ஒரு கையால் அம்மாவின் தோளையும் மறு கையால் போனையும் காப்பாற்றினார். படிக்கட்டு முழுவதும் கைகள். அவ்வளவும் நனையாத கைகள்.

இரண்டு பேர் மட்டும் தூக்கவில்லை. அவர்கள் கைகள் வேறு வேலையில் இருந்தன.

மூன்று தலைவர்களுக்கும் ஒரே பயம் பிடித்துக்கொண்டது: மற்றவர் முந்திவிடுவாரோ என்று. வாயில் தண்ணீர் போய்க்கொண்டிருக்க, மூவரும் ஒரே மூச்சில், "இவர்கள் புருஷனும் மனைவியுமாயிருக்கிறார்கள் என்று அறிவிக்கிறேன்!" என்று கத்தினார்கள். அந்தக் கட்டடத்தில் மூன்று மாடியும் ஒரு வாக்கியத்தைச் சேர்ந்து சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா அழுதார். பேக்கரிக்காரரும் அழுதார். ஈரத்தில் யார் அழுதது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பிறகு என்ன? ஒரே தண்ணீரில் நனைந்தவர்கள் என்று மூன்று மாடியிலும் ஒரு எழுச்சி கிளம்பியது. பிரிவினை போதும் என்றார்கள். ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிளம்பர் தம்பதி வெளியூர் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, மொட்டை மாடியில் பந்தல் போட்டு, பலகை மாட்டியிருந்தார்கள்: 'படிக்கட்டு ஐக்கியத் திருச்சபை.' மற்ற மூன்று சபைகளும் கீழே எப்போதும்போல நடந்துகொண்டிருந்தன. அந்த ஞாயிறு முதல் நான்கு மைக்.

தங்கள் கல்யாணத்தில் பிறந்த சபையாயிற்றே என்று இருவரும் படியேறிப் போனார்கள். பந்தல் வாசலில் டிரம்காரர் நின்றார். அவர்தான் இப்போது அங்கே செயலாளர். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. மரியாதையாக வணக்கம் சொன்னார்.

"உள்ள விடறதுக்கு முன்னாடி கைய ஒரு தடவ காட்டுங்க" என்றார்.

"எதுக்கு?"

"அன்னிக்கு அந்தத் தண்ணியில எல்லாரும் ஒருமனமா வலது கைய மேல தூக்கினோமே, அதுதாங்க எங்களுக்கு அஸ்திவாரம். உடம்பு நனையணும், கை நனையக் கூடாது. வீடியோ இருக்கு. உங்க ரெண்டு பேரையும் மெதுவா ஓடவிட்டுப் பாத்தோம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க கை நனைஞ்சிருக்கு."

பிளம்பர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தக் கை நனையவில்லை என்று இத்தனை நாள் நாயாய் அலைந்தாரோ, அதே கை.

"உள்ள எங்கம்மா உக்காந்திருக்காங்களே?" என்றார்.

"அவங்க கை சுத்தமா காய்ஞ்ச கைங்க. என் கைகூட இவ்வளவு காயல." டிரம்காரர் கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒண்ணு. நாங்க புதுசா ஒரு தொட்டி கட்டறோம். கைய வெளிய வச்சுக்க ஒரு பிடி வேணும். குழாய் வேலைக்கு நாளைக்கு வாங்க. வேலைக்கு வர்றவங்களுக்கு எந்தக் கையா இருந்தாலும் பரவாயில்ல."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கணவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். படியில் யாரும் இன்னும் பெருக்கவில்லை. அன்றைக்குக் கொட்டின பூவெல்லாம் அழுகி வழவழவென்று கிடந்தது.

"பாத்து வாங்க. விழுந்துடப் போறீங்க" என்றாள்.

"எந்த மாடியில?" என்று கேட்டார் பிளம்பர்.